அரிக்காவில் பார்த்த குழந்தைகள்

எனக்கு வரலாறு எகிப்தில்தான் தொடங்கியது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே வகுப்புகளை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். ஆரம்பப் பள்ளி முடித்து நுழைகிற வகுப்பு 'சிஸியெம்', அதாவது ஆறாவது. அடுத்த வருஷம் ஐந்தாவது, அதற்கடுத்தது நான்காவது. அந்த சிஸியெம்மில் நான் சேர்ந்தது 1962இல். புதுச்சேரியில் 1954இலேயே கொடி மாறிவிட்டது. 1962 ஆகஸ்டில் காகிதமும் மாறியது. வகுப்பறைக்குள் சரித்திரப் புத்தகம் மட்டும் மாறவில்லை.

அந்தப் புத்தகத்தின் முதல் பாடம் எகிப்து. நைல் நதி, பிரமிடு, 1798இல் போனபார்ட் படையோடு போனது, 1822இல் ஷம்போலியோன் அந்தச் சித்திர எழுத்தை வாசித்தது எல்லாம் வரும். நடுவில் ஒரு பக்கம் நிறைய மம்மி. பிரெஞ்சில் 'மோமீ' என்பார்கள். துணி சுற்றிய ராஜாவின் முகம் அதில் அச்சாகியிருந்தது. இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. செத்த உடம்பைக் கெடாமல் காப்பாற்றி வைப்பது ராஜாக்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் ஏற்பட்ட காரியம், அதை உலகத்தில் முதலில் செய்தவர்கள் எகிப்தியர்கள் என்று படித்தேன். பரீட்சையில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தெரிந்துகொண்ட இடம் தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வடகோடியில் இருக்கும் அரிக்கா என்ற ஊர்.

என் மகன் சிலியின் தலைநகரான சாந்தியாகோவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். போன வருஷம் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் அவனோடு போய்த் தங்கினோம். வடக்கே ஒரு பாலைவனம் இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று அவன்தான் டிக்கெட் போட்டான். "எந்த ஊர்?" என்று இவள் கேட்டாள். "அரிக்கா" என்றான். "அரிக்கமேட்டைப் பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா? நம்ம வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போகலாமே" என்றாள். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் அங்கே போய் இறங்கிய பிறகு அந்த ஊர் எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. அரிக்கா ஒரு காலத்தில் பெரு நாட்டைச் சேர்ந்தது. 1880 ஜூன் 7ஆம் தேதி நடந்த சண்டையில் சிலி அதைப் பிடித்தது. கடலோரத்தில் 130 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் மோரோ என்ற பாறைக் குன்றின் உச்சியில்தான் அந்தச் சண்டை முடிந்தது. பிறகு 1929இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, பக்கத்து ஊரான தாக்னாவைப் பெருவுக்குத் திருப்பிக் கொடுத்து, அரிக்காவைச் சிலி வைத்துக்கொண்டது. கொடி மாறிய ஊரின் சங்கடம் புதுச்சேரிக்காரனுக்குப் புரியும். போதாக்குறைக்கு, ஊரின் நடுவே நிற்கும் மாதா கோயில் இரும்பால் ஆனது. 1868 நிலநடுக்கத்தில் பழைய கோயில் அழிந்துபோக, பாரிசில் ஈஃபிலின் பட்டறையில் செய்த இரும்பைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்களாம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஊர்க்காரனை வழியில் பார்த்தது மாதிரி இருந்தது.

ஊரைச் சுற்றி அட்டகாமா பாலைவனம். மணல் என்றால் ராஜஸ்தான் படங்களில் பார்க்கிற மாதிரி அலையலையான மணல் இல்லை. மலைகளே மணல் நிறத்தில், ஒரு புல்லும் இல்லாமல் கடல் வரைக்கும் இறங்கி வருகின்றன. அரிக்காவில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, பதினான்கு வருஷத்துக்கு மேல், மழையே பெய்யவில்லை என்று பதிவாகியிருக்கிறது. உலக சாதனை அது. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைப் பார்த்து, வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பக்கெட்டில் இறைத்துக் கொட்டிய எங்களுக்கு இதை மனதில் வாங்கிக்கொள்வதே கஷ்டமாக இருந்தது.

ஊரிலிருந்து 12 கிலோமீட்டர் உள்ளே அசாபா என்ற பள்ளத்தாக்கு. அங்கே மட்டும் பச்சை. ஆலிவ் மரங்கள், தக்காளித் தோட்டங்கள். சான் மிகுவெல் தெ அசாபா என்ற கிராமத்தில் தாராபக்கா பல்கலைக்கழகத்தின் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே நல்ல வெயில். உள்ளே விளக்கைத் தணித்து வைத்திருந்தார்கள்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் பிரெஞ்சு படித்தவனுக்கு எழுத்தில் இருக்கும் ஸ்பானிஷ் பாதி பிடிபடும். 'மோமியா' என்று இருந்தால் 'மோமீ'. 'முவெர்த்தோ' என்றால் 'மோர்', செத்தவர். இப்படிச் சுவரில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனேன். மீதியை மருமகள் சொன்னாள். ஊர் திரும்பிய பிறகு இதைப்பற்றித் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

அந்தக் கரையில் இன்றைக்குச் சுமார் 9000 வருஷத்துக்கு முன்பே மனிதர்கள் குடியிருந்தார்கள். அரிக்காவில் சிஞ்சோரோ என்று ஒரு கடற்கரை உண்டு. அந்தப் பெயரையே தொல்லியல்காரர்கள் இந்த மக்களுக்கும் வைத்துவிட்டார்கள். மாக்ஸ் ஊலே என்ற ஜெர்மானியர் 1910களின் கடைசியில் அரிக்காவில் தோண்டி இவர்களுடைய உடல்களைக் கண்டு எழுதியதிலிருந்துதான் உலகத்துக்கு இவர்களைத் தெரியும்.

இவர்களுக்கு விவசாயம் கிடையாது. மண்பானை செய்யத் தெரியாது. தறி இல்லை. எழுத்து இல்லை. ராஜா இருந்ததற்கு அடையாளமே இல்லை. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த கடல் நீரோட்டம் இருக்கிறதே, அதுதான் அந்தக் கரையில் மழை பெய்யவிடாமல் பாலைவனமாக்குகிறது. அதே நீரோட்டம்தான் அந்தக் கடலை மீன் கொழிக்கும் கடலாகவும் ஆக்குகிறது. நிலம் கொடுக்காததைக் கடல் கொடுத்தது. கிளிஞ்சலிலும் கள்ளிமுள்ளிலும் செய்த தூண்டில் முட்கள், கடற்சிங்கத்தைக் குத்துகிற எறியீட்டிகள், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை நெம்பி எடுக்கக் கடற்சிங்கத்தின் விலா எலும்பில் செய்த கருவி என்று எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. ஆண்களின் மண்டையோடுகளில் பலவற்றில் காதுத் துவாரத்துக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். வாழ்நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் முங்கிச் சிப்பி எடுத்தவர்களுக்கு அப்படி வளரும். எங்கள் கரையில் கட்டுமரத்தில் போகிறவர்களின் கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். தொழில் உடம்பில் எழுதிவைக்கும் என்பது எனக்குப் புதிது இல்லை.

இந்த மீன்காரர்கள்தான் உலகத்திலேயே முதன்முதலில் செத்த உடம்பைக் கெடாமல் வைக்கும் வேலையைச் செய்தவர்கள். தொடங்கியது கி.மு. 5000 வாக்கில். எகிப்தியர்களுக்குச் சுமார் 2000 வருஷம் முந்தி!

எப்படிச் செய்தார்கள் என்பதைப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். பழைய முறைக்குக் கறுப்பு மம்மி என்று பெயர். செத்தவருடைய தோலை உரித்து, சதையையும் உள்ளுறுப்புகளையும் நீக்கி, எலும்புகளைத் தனித்தனியாகச் சுத்தம் செய்வார்கள். பிறகு அந்த எலும்புகளைத் திரும்பப் பழைய இடத்திலேயே அடுக்குவார்கள். முதுகெலும்புக்கும் கைகால்களுக்கும் குச்சி கொடுத்துக் கோரையால் இறுக்கிக் கட்டுவார்கள். சாம்பலைக் குழைத்த பசையால் உடம்பின் வடிவத்தை மறுபடி உண்டாக்கி, உரித்த தோலை மேலே போர்த்துவார்கள். தோல் போதாத இடத்தில் கடற்சிங்கத் தோலை வைத்து ஒட்டுப்போடுவார்கள். முகத்துக்கு ஒரு முகமூடி. தலைக்கு மனித முடியிலேயே செய்த டோப்பா. கடைசியில் உடம்பு முழுக்க மாங்கனீசுக் கறுப்பைப் பூசுவார்கள். பிற்காலத்தில் முறை மாறியது. உடம்பை அவ்வளவு பிரிக்காமல், கீறி உறுப்புகளை எடுத்துவிட்டு, உள்ளே அடைத்துத் தைத்து, செங்காவி பூசினார்கள். அவற்றுக்குச் சிவப்பு மம்மி என்று பெயர். இப்படி முறைகள் மாறி மாறி 3000 வருஷத்துக்கு மேல் இந்த வழக்கம் நீடித்தது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறார்கள். சில மம்மிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சாயம் பூசியிருக்கிறது. விரிசல் விட்ட இடத்தைச் சரிசெய்திருக்கிறது. அப்படியானால் செய்தவுடன் புதைத்துவிடவில்லை. கொஞ்ச காலமாவது தங்களோடு வைத்திருந்து பராமரித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பிறகு கோரைப்பாயில் சுற்றி மணலில் ஆழமில்லாமல் படுக்கவைத்தார்கள். பெரியவர்களையும் சிறுவர்களையும் பக்கத்துப் பக்கத்தில், கூட்டமாக. மேலே பிரமிடு இல்லை, கல் இல்லை.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டு நான் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி எனக்கு முன்னால் போய் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நின்றுவிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு முழ நீளம்கூட இருக்காது. சின்னதாக ஒரு முகமூடி. கண்ணுக்கும் வாய்க்கும் வெறும் துளைகள். முதலில் பொம்மை என்றுதான் நினைத்தேன். அட்டையில் எழுதியிருந்ததில் 'நோநாத்தோ' என்று ஒரு சொல். அதை நான் பிரித்துப் பார்த்தேன். 'நோ' என்றால் இல்லை. 'நாத்தோ'வுக்குப் பிரெஞ்சில் 'நே', பிறந்தவன். பிறவாதது. முழுசாகப் பிறந்து ஒரு மூச்சு விடாத குழந்தை.

அந்தக் குழந்தைக்கும் பெரியவருக்குச் செய்த அத்தனையும் செய்திருக்கிறார்கள். குச்சி கொடுத்துக் கட்டி, பசை பூசி, சாயம் அடித்து, முகமும் வைத்திருக்கிறார்கள். மிகப் பழைய சிஞ்சோரோ மம்மிகளில் குழந்தைகளே அதிகம். அரிக்காவுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் கமரோனெஸ் ஆறு கடலில் விழும் இடம்தான் இந்த வழக்கம் பிறந்த இடமாகக் கருதப்படுகிறது. அங்கே கிடைத்த மிகப் பழைய மம்மியும் ஒரு குழந்தைதான்.

ஏன் குழந்தைகள்? பெர்னார்டோ அரியாசா என்ற சிலி நாட்டு ஆய்வாளர் 2005இல் ஒரு விளக்கம் சொன்னார். கமரோனெஸ் ஆற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஆற்றில் இருப்பது 1000 மைக்ரோகிராம், நூறு மடங்கு. பார்த்தால் தெரியாது, வாயில் வைத்தாலும் தெரியாது. அதைக் குடித்த பெண்களுக்குக் கரு கலையும், குழந்தை செத்துப் பிறக்கும், பிறந்ததும் தங்காது. பின்னாளில் மம்மிகளின் தலைமுடியைச் சோதித்தபோது அதிலும் ஆர்சனிக் மிகுந்திருந்தது தெரிந்தது. பாலைவனத்தில் வேறு தண்ணீருக்கு எங்கே போவார்கள்? ஏன் சாகிறது என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைப் பறிகொடுத்த ஜனங்கள், அந்தத் துக்கத்தில்தான் இந்த வேலையைக் கண்டுபிடித்தார்கள் என்பது அரியாசாவின் கருத்து.

வேறு விளக்கமும் உண்டு. பாப்லோ மார்க்கெட் என்பவரும் கூட இருந்தவர்களும் 2012இல் எழுதியது அது. அந்த மணலில் புதைத்த உடம்பு தானாகவே காய்ந்து அப்படியே இருந்துவிடும். காற்றில் மணல் விலகினால் வெளியே தெரியும். முன்னோர்களின் முகங்களை இப்படி அடிக்கடி பார்த்து வாழ்ந்தவர்களுக்கு, செத்தவர்கள் எங்கேயும் போய்விடவில்லை என்ற எண்ணம் வந்திருக்கும். ஜனத்தொகை பெருகிய காலத்தில் இயற்கை செய்ததைத் தாங்களும் செய்யத் தொடங்கியிருப்பார்கள் என்கிறார்கள். இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. மணல் வழி காட்டியிருக்கும். துக்கம் அதை முதலில் யாருக்குச் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கும்.

என் மனைவி அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. மகனும் மருமகளும் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, நம்ம பாப்பாவ எங்க வச்சீங்க?"

எங்களுக்கு 1979இல் முதல் குழந்தை பிறந்தது. எட்டாம் மாசம். பெண். செத்துத்தான் பிறந்தது. அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள், பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் சரி என்றேன். என் பெரியப்பா ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். நானும் அவரும் இரண்டே பேர். ஊர்ச் சுடுகாட்டின் ஓரத்தில், வேலியை ஒட்டி ஒரு பூவரச மரம் நின்றது. அதன் அடியில் குழி வெட்டி வைத்தோம். குழந்தையை எரிக்கிற வழக்கம் இல்லை, காரியமும் கிடையாது. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நாற்பத்தாறு வருஷம்.

"பூவரச மரத்தடியில" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

நான் போன ஆபீஸ் எது தெரியுமா? பிறப்பு இறப்புப் பதிவு. அப்போது எல்.டி.சி. பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் 'எத்தா சிவில்' என்போம். பிரெஞ்சுக் குடியுரிமைக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் பென்ஷனுக்கும் தாத்தாவின் பிறப்புச் சான்று, பாட்டியின் கல்யாணச் சான்று என்று தேடி வருவார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடிக் கொடுப்பேன். அந்தப் பக்கங்களில் நடுநடுவே ஒரு வகைப் பதிவு வரும்: 'ஆன்ஃபான் சான் வி'. உயிரில்லாத குழந்தை. நெப்போலியன் காலத்தில், 1806இல் போட்ட உத்தரவு அது. பிறந்ததைப் பதிவதற்குள் போய்விட்ட குழந்தையை அதிகாரியிடம் காட்டினால், 'இறந்தது' என்று அவர் எழுதக்கூடாது. 'உயிரின்றிக் காட்டப்பட்டது' என்று மட்டும் எழுத வேண்டும். தாய் தகப்பன் பெயர், நாள், மணி எல்லாம் இருக்கும். குழந்தைக்குப் பெயர் மட்டும் இருக்காது. நம் நாட்டில் 1969ஆம் வருஷத்துச் சட்டப்படியும் செத்துப் பிறந்ததைப் பதிய வேண்டும். அதற்குத் தனிப் படிவமே உண்டு. அதிலும் குழந்தையின் பெயருக்குக் கட்டம் இல்லை.

மற்றவர்களுக்கு அந்தப் படிவத்தை எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். என் குழந்தைக்கு நிரப்பவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் அதை ஒரு பிறப்பு என்று நினைக்கவில்லை. எழுத்தே தெரியாத அந்த மீன்காரர்கள், ஒரு முழ நீளம் இல்லாத உடம்புக்குக் குச்சி சீவி முகம் வைத்து, இது எங்களில் ஒருவர் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். பதிவதே வேலையாக இருந்த நான் ஒரு வரி எழுதவில்லை.

மறுநாள் அரிக்கா ஊருக்குள் இன்னோர் இடத்துக்குக் கூட்டிப்போனான் மகன். மோரோ குன்றின் அடிவாரத்தில் கொலோன் தெரு, 10ஆம் எண். பழைய வீடு ஒன்றை வாங்கி ஓட்டல் கட்டலாம் என்று 2004இல் தோண்டியபோது உள்ளே சிஞ்சோரோ உடல்கள் கிடைத்தன. எடுத்தால் நொறுங்கிவிடும் என்பதால் எடுக்கவில்லை. மண்ணோடு அப்படியே விட்டுவிட்டு, மேலே கெட்டிக் கண்ணாடித் தளம் போட்டு, அந்த வீட்டையே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். நாம் கண்ணாடிமேல் நடக்கிறோம். காலுக்குக் கீழே பெரியவர்களும் குழந்தைகளும் படுத்திருக்கிறார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள். அங்கே காவலுக்கு இருந்த அம்மாள் அதைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அதே குன்றின் சரிவில் 1983இல் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டும்போது 96 உடல்கள் கிடைத்தன. ஒரு ஊரே தன் மூதாதையர்கள் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறது என்று சொல்லலாம்.

7000 வருஷம் மணலுக்குள் கெடாமல் இருந்த இந்த உடல்களில் சில, மனிதர்கள் எடுத்துப் பத்திரமாக வைத்த பிறகு கெடத் தொடங்கியிருக்கின்றன. தோல் இளகிக் கறுத்துக் கசிகிறதாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளும் அரிக்காக்காரர்களும் சேர்ந்து ஆராய்ந்ததில், காற்றில் ஈரம் கூடியதால் தோலில் சாதாரணமாகவே வாழும் நுண்ணுயிரிகள் வேலையைக் காட்டுகின்றன என்று 2015இல் சொன்னார்கள். எகிப்து ராஜா ரம்சேசின் மம்மிக்குப் பூஞ்சை பிடித்தபோது 1976இல் விமானத்தில் பாரிசுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். இந்த மீன்காரர் பிள்ளைகளுக்கு அவ்வளவு செலவு செய்ய யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதிவேடுகள் சங்கதியும் இப்படித்தான். கடலோர ஊரின் ஈரத்தில் காகிதம் பழுத்து, மடிக்கும் இடத்தில் ஒடியும். புரட்டப் புரட்டத் தூளாகி மடியில் விழும். ஒரு வரி உதிர்ந்தால் ஒரு மனிதர் போனார் என்று அர்த்தம்.

நல்லவேளை, 2021 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு சிஞ்சோரோ இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கமரோனெஸ் ஆற்றின் முகத்துவாரம், மோரோ சரிவு, நாங்கள் செருப்பில்லாமல் நடந்த கொலோன் வீடு மூன்றும் அதில் அடக்கம். அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே 2021 டிசம்பரில் பிரான்சு நாடு ஒரு சட்டம் போட்டிருக்கிறது. உயிரில்லாமல் பிறந்த குழந்தையின் பதிவில், பெற்றோர் விரும்பினால், இனி குழந்தையின் பெயரையும் குடும்பப் பெயரையும் எழுதலாம். குடும்பப் பெயர் இல்லாமல் குழந்தைக்கு ஒரு பெயர் மட்டும் எழுத 2008இலேயே வழி செய்திருந்தார்களாம். 1806இல் விட்ட கட்டத்தை நிரப்ப அவர்களுக்கே இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஊர் திரும்பிய மறுவாரம் இருவருமாக அந்த இடத்துக்குப் போனோம். பூவரச மரம் இல்லை. வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கொண்டுவந்திருந்த பூவை வைத்தாள். "மீனாட்சின்னு வைக்கணும்னு இருந்தேன்" என்றாள். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத பெயர். எட்டு மாசம் சுமந்தபோதே மனசுக்குள் வைத்திருக்கிறாள், நான்தான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பழைய பழக்கத்தில் ஒரு முழுத்தாளை எடுத்து, பிரெஞ்சில் ஓர் 'ஆக்த்து' எழுதினேன். நாள், மணி, தகப்பன் பெயர், தாய் பெயர். குழந்தையின் பெயர்: மீனாட்சி. சட்டப்படி அது செல்லாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் மடித்து, எங்கள் கல்யாணச் சான்றிதழ் இருக்கும் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு யாராவது மம்மி பாடம் நடத்தினால், பிரமிடுக்கு முன்னால் இந்தக் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிஸியெம் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை.